காலிக் கட்டத்தில் ஒரு நீளக் கோடு

2022 நவம்பர் 16, புதன்கிழமை. காலை 5.05க்கு எழுந்தேன். மழை விட்டிருந்தது. 6.10க்குப் படப்பை நிறுத்தத்தில் கம்பெனி பஸ், 6.48க்குக் கேட். மேசையைத் துடைத்துக் கணினியைப் போட்டேன். முந்தைய நாள் கேட்டிருந்த பன்னிரண்டு தாள்களை அச்செடுத்துச் சிவப்பு முத்திரை வைத்தேன். ஏழரைக்கு லைன்களுக்குப் போய்ப் பழைய தாள்களைக் கழற்றிப் புதியவற்றை மாட்டினேன். கழற்றியவை பன்னிரண்டா என்று எண்ணிப் பார்த்துக் கிழித்தேன். 8.20க்குத் தேநீர். என் நாட்குறிப்பில் அந்த நாள் 11.40 வரை மற்ற எல்லா நாளையும் போலத்தான் இருக்கிறது.

ஆவணப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்டது இந்த நாளை அல்ல என்று தெரியும். வேலைத் தாள்களில் கோடுகளை எங்கே எப்படிப் போடுவது என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுங்கள் என்றுதான் கேட்டீர்கள். நான் விருப்ப ஓய்வில் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இன்னும் அந்த விதிகளைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். முதலில் அவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

பாகத்தின் எண்ணுக்கு நடுவே வருவது ஹைபன், விசைப்பலகையில் இருக்கும் அதே சின்னக் கோடு. அதை எக்காரணத்தாலும் நீட்டாதீர்கள். நான் சேர்ந்த புதிதில், பார்க்க அழகாக இருக்கிறதே என்று ஒரு பட்டியல் முழுக்கச் சின்னக் கோடுகளை நீட்டிவிட்டேன். ஸ்டோர்காரர் என் பட்டியலிலிருந்து எண்ணை நகலெடுத்துக் கணினியில் தேடினார். இருப்பில் இல்லை என்று வந்தது. பெட்டிகள் அவர் முதுகுக்குப் பின்னால் அடுக்கியிருந்தன. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் கணினிக்கு அவை வெவ்வேறு எழுத்துகள். "இன்னா மேடம், எண்ணுக்குக் கோலம் போட்டுக் குடுத்துக்கீறீங்க?" என்று அவர் ஒரு வாரம் கேலி செய்தார்.

இத்தனையிலிருந்து இத்தனை வரை என்று அளவின் எல்லையைச் சொல்ல வருவது நடுத்தரக் கோடு. சுழியத்துக்குக் கீழே உள்ள எண்ணுக்குக் கழித்தல் குறி தனியாக உண்டு; அது எண்ணோடு ஒட்டியே நிற்க வேண்டும், வரியின் கடைசியில் கோடும் அடுத்த வரியில் எண்ணுமாகப் பிரியக் கூடாது. தமிழில் சொற்கள் நீளம், கட்டங்கள் குறுகல். அதனால் தமிழ்த் தாளில் இதை இருமுறை பாருங்கள். கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட எந்தத் தாளிலும் காலிக் கட்டம் இருக்கக் கூடாது. காலியாக விட்டால் அது மறந்ததா, வேண்டாததா என்று படிப்பவருக்குத் தெரியாது. அந்த மாடலுக்கு அந்த அளவு கிடையாது என்றால் கட்டத்தில் நடுத்தரக் கோடு.

நீங்கள் கேட்ட பக்கம் இவ்வளவுதான். இந்த விதிகளில் ஒன்றைக்கூட மீறாமல் நான் செய்த தவறைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

எங்கள் ஆலையில் செய்வது பிரேக் குழாய்கள். ரப்பர் குழாயின் முனையில் ஒரு உலோக மூடியைச் செருகி, இயந்திரம் அதைச் சுற்றிலும் அழுத்திப் பிடிக்க வைக்கும். அழுத்திய இடத்தின் விட்டம் சரியாக இருந்தால் குழாய் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தைத் தாங்கும். தளர்வாக இருந்தால் கசியும். அதனால் இயந்திரத்தை ஓட்டுபவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு குழாயை எடுத்து அளந்து, மாட்டியிருக்கும் சோதனைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தாளின் இடப்பக்கம் எதை அளப்பது, எவ்வளவு இருக்க வேண்டும் என்று நான் அச்சிட்டது. வலப்பக்கம் அவர்கள் எழுதுவது.

மூன்றாவது லைனில் அந்த இயந்திரத்தை ஓட்டியவர் ஸ்டெல்லா. படப்பைக்கு உள்ளே ஒரு ஊர். நாற்பது வயது இருக்கும். ஆறு வருடமாகக் கான்ட்ராக்ட். ஜனவரியில் நிரந்தரமாக்கப் போகிறவர்களின் பட்டியலில் அவள் பெயர் இருப்பதாக எல்லோருக்கும் தெரியும். அந்தப் பட்டியலையும் நான்தான் அச்சடித்தேன். ஆலையில் என்னைப் "பேப்பர் மேடம்" என்று முதலில் கூப்பிட்டது அவள்தான். தாள் மாட்டப் போனால், "வந்துட்டாங்கப்பா பேப்பர் மேடம். எல்லாரும் கையத் தொடச்சிக்கோங்க, தாள்ல எண்ணெ பட்டா மெமோ குடுப்பாங்க" என்பாள்.

அந்த மாதம் ஐந்தாம் தேதி, சனிக்கிழமை, ஒரு புதிய மாடல் சோதனை ஓட்டத்துக்கு வந்தது. ஆறு அளவுகளில் ஐந்துதான் வடிவமைப்புப் பிரிவிலிருந்து வந்திருந்தன. ஆறாவது, உள்வளையத்தை அழுத்திய இடத்தின் விட்டம், வரவில்லை. "ஒரு ஷிப்டு சும்மா ஓட்டிப் பாக்கறதுதான், மேடம். தாளைக் குடுத்துடுங்க, அளவு பின்னாடி வரும்" என்றார்கள். கொடுத்தேன்.

அந்தக் கட்டத்தை எப்படி நிரப்பினேன் என்பதுதான் விஷயம். காலியாக விடக் கூடாது. கிடையாது என்று சொல்லும் நடுத்தரக் கோடும் போடக் கூடாது, ஏனென்றால் அளவு உண்டு. இப்படிப்பட்ட கட்டங்களுக்கு நானே ஒரு முறை வைத்திருந்தேன்: நீளக் கோடு. நடுத்தரக் கோட்டைப்போல இரு மடங்கு. நீளக் கோடு என்றால் அளவு இனிமேல் வரும். திங்கள்தோறும் காலையில் கணினியில் நீளக் கோட்டைத் தேடுவேன், எந்தெந்தத் தாள் எதற்குக் காத்திருக்கிறது என்று வரிசையாக வரும், நிரப்புவேன். எட்டு வருடம் இந்த முறை ஒருநாளும் தவறியதில்லை. இதை யாரிடமும் சொன்னதும் இல்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதே இல்லை, ஏனென்றால் என் கண்ணுக்கு இரண்டு கோடுகளும் யானையும் பூனையுமாகத் தெரிந்தன. "அளவு வரவில்லை" என்று எழுதியிருக்கலாம். அந்தக் கட்டத்தில் இரண்டு வரியாக மடங்கும், அடுத்தடுத்த வரிகள் கீழே இறங்கும், தாளின் அழகு கெடும். அதுதான் காரணம், வேறு பெரிய காரணம் ஒன்றுமில்லை.

சோதனை ஓட்டம் நன்றாகப் போனது. திங்களிலிருந்து அதே தாளை வைத்து உற்பத்தியே தொடங்கிவிட்டார்கள். எட்டாம் தேதி என் நாட்குறிப்பில் இருக்கிறது: "புது மாடல் வரைபடம் வந்தது. திங்கள் தேடலில் நிரப்ப." பதினான்காம் தேதி, திங்கள்: "தேடல் முடிந்தது. பாக்கி இல்லை." என் தேடல் வெளியீட்டுக் கோப்புறைக்குள் மட்டும் நடப்பது. சோதனை ஓட்டத் தாள்கள் வேறு கோப்புறையில் கிடந்தன.

புதன் 11.40க்கு அஞ்சல் வந்தது. மறைமலை நகரில் எங்கள் குழாய்களைப் பொருத்தும் ஆலையின் சோதனை மேடையில் இரண்டு குழாய்கள் கசிந்திருந்தன. வண்டி எதுவும் ரோட்டுக்குப் போகவில்லை. ஆனால் பிரேக் என்றால் இரண்டும் ஒன்றுதான், இருநூறும் ஒன்றுதான். மறுநாள் பத்து மணிக்கு அவர்களுடைய ஆட்கள் வருகிறார்கள், காரணம் எழுத்தில் தயாராக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

1.30க்குக் கூட்டம். தர மேலாளர் வெள்ளைப் பலகையில் ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்கும் கட்டத்தை வரைந்திருந்தார். திருநெல்வேலிக்காரர், நிதானமானவர். மூன்றாவது லைனின் லீடர் குமரேசன் ஒன்பது நாளின் சோதனைத் தாள்களை மேசைமேல் வீசினாற்போல் போட்டார்.

"பாருங்க சார். ஆறாவது ஐட்டம். ஒம்போது நாளு, ஒரு வாட்டி கூட அளக்கல."

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டிருந்தார்கள். தலையில் வலைத் தொப்பியோடு கதவோரம் நின்றாள்.

"ஏம்மா அளக்கல?" என்றார் மேலாளர்.

"அதுல கோடு கீது சார்."

"கோடு கீதா?" என்றார் குமரேசன். "கோடு இருந்தா வாயத் தொறந்து கேக்க மாட்டியா? ஊருக்கே கேக்கற மாதிரி பேசறல்ல, இத மட்டும் கேக்க வாய் வரலியா?"

"கோடு இருந்தா அந்த மாடலுக்கு அது கெடையாது, வுட்டுட்டுப் போங்கன்னு ட்ரெய்னிங்ல சொன்னாங்களே சார். நோட்ல கூட எழுதி வச்சிக்கீறேன். பேப்பர் மேடம்தான் சொன்னாங்க. தோ, உக்காந்துக்கினு கீறாங்களே, கேளுங்க."

நான் தாளை எடுத்துப் பார்த்தேன். இடப்பக்கம் ஆறாவது கட்டத்தில் என் நீளக் கோடு. அதற்கு நேராக வலப்பக்கம் ஒவ்வொரு இரண்டு மணி நேரத்துக்கும் ஸ்டெல்லா பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தாள், ஒரு நாளைக்கு நான்கு. ஒன்பது நாளும் நேராக, கட்டத்தின் நடுவில், என் கோட்டின் நீளத்துக்கே. காலிக் கட்டம் விடக் கூடாது என்றும் நான்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"கோடு என்றால் அளவு கிடையாது என்றுதான் சொல்லியிருக்கிறேன்" என்றேன்.

"இந்த மாடலுக்கு இந்த அளவு உண்டா, கிடையாதா?" என்று மேலாளர் என்னைக் கேட்டார்.

"உண்டு."

"பின்ன கோடு எப்படி மேடம் வந்துச்சு?"

"கோப்பைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

மணி அப்போது 1.52. நாட்குறிப்பில் இருக்கிறது. பார்க்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. கட்டத்தைப் பார்த்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் எழுந்து என் அறைக்கு வந்தேன். உங்களிடம் நான் சொல்ல விரும்புவது எல்லாம் அந்த நிமிடத்திலிருந்து 2.17 வரை உள்ள இருபத்தைந்து நிமிடங்களைப் பற்றித்தான்.

மாஸ்டர் கோப்பைத் திறந்தேன். நீளக் கோட்டின் மேல் அம்புக்குறி நின்றது. மூன்று வழிகள் தெரிந்தன. அளவைப் போட்டுத் தாளை மாற்றிவிட்டு, லைனில் பழைய தாள் தொங்கிவிட்டது என்று சொல்லலாம். அல்லது நீளக் கோட்டை எடுத்துவிட்டு நடுத்தரக் கோட்டைப் போடலாம். ஒரே ஒரு எழுத்து. அப்படிச் செய்தால், கிடையாது என்று நினைத்துப் போட்டேன், வடிவமைப்புப் பிரிவு உண்டு என்று முன்பே சொல்லவில்லை என்று ஆகிவிடும். அச்சடித்த தாளை வைத்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்தச் சின்ன எழுத்தில், பிளாஸ்டிக் உறைக்குள், இரண்டும் ஒன்றுதான். மூன்றாவது வழியை நான் சொல்ல வேண்டியதில்லை. பதினேழு வருடத்தில் என் பெயரில் ஒரு பிழைகூடப் பதிவானதில்லை என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. சுட்டெலியை இழுத்து அந்தக் கோட்டைத் தேர்வும் செய்தேன். அது நீல நிறமானது.

நான் நல்லவள் என்பதால் நிறுத்தவில்லை. அதே கோப்புறையில் இப்படி இன்னும் எத்தனை இருக்கிறது, எத்தனையை மாற்ற வேண்டியிருக்கும் என்று தெரிந்துகொள்ளத் தேடலைப் போட்டேன். அவ்வளவுதான். நான்கு தாள்கள் வந்தன. ஒன்று மூன்றாவது லைனுடையது; அதன் பெட்டிகளை அஞ்சல் வந்தபோதே நிறுத்திவிட்டிருந்தார்கள். இரண்டு தாள்கள் உற்பத்திக்கே போகாதவை. மிச்சமிருந்த ஒன்றில், ஐந்தாவது லைனில் குழாயைத் தாங்கும் பிடிப்பின் திருகை எவ்வளவு முறுக்க வேண்டும் என்ற கட்டம். அங்கேயும் நீளக் கோடு. அங்கேயும் யாரோ ஒருவர் அளக்காமல் கோடு போட்டுக்கொண்டிருந்திருப்பார். அந்தப் பெட்டிகள் தினமும் இரண்டரை மணி வண்டியில் மறைமலை நகர் போகும்.

மணி 2.14. சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவுக்குப் போன் செய்தேன்.

"சீல் போட்டாச்சு மேடம். வண்டி கேட்டாண்ட போய்க்கினு கீது."

"நிறுத்துங்கள்."

"யாரு சொன்னாங்கன்னு எழுதறது?"

"என் பெயரை எழுதுங்கள்."

அதற்குப் பிறகு, கேட்டுக்கு ஓடுவதற்கு முன்னால், ஒரு காரியம் செய்தேன். என் வேலை வாழ்க்கையில் நான் செய்த சரியான காரியம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன். ஆவணங்களின் மாற்றப் பதிவேட்டைத் திறந்து, நான்கு தாள்களின் எண்களையும் போட்டு, இப்படி எழுதினேன்: "அளவு வராத கட்டத்தில் நீளக் கோடு இட்டு வெளியிட்டது. நீளக் கோட்டின் பொருள் லைனில் யாருக்கும் சொல்லப்படவில்லை. தவறு ஆவணப் பிரிவுடையது." என் பெயரைப் போட்டுச் சேமித்தேன். அந்தப் பதிவேட்டில் ஒருமுறை சேமித்ததை யாரும் அழிக்க முடியாது, நான் உட்பட. 2.17. மேலாளரின் முகத்தைப் பார்த்தால் என் தைரியம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுதிவிட்டுப் பேசப் போனேன்.

கேட்டில் வண்டி குறுக்கே நின்றது. பின்னால் இரண்டு லாரிகள் ஹாரன் அடித்தன. டிரைவர் இறங்கி நின்று, "இன்னா மேடம் ஆச்சு? பாம் கீம் வச்சிட்டாங்களா?" என்றார்.

"ஒரு தாளில் கோடு தப்பாகப் போட்டுவிட்டோம்."

"கோட்டுக்கா வண்டிய நிறுத்துனீங்க? நான் கூட கஞ்சா கேஸுன்னு நெனச்சேன்" என்று அவர் சிரித்தார். காவலாளியும் சிரித்தார்.

பெட்டிகளை இறக்கி நாற்பது பிடிப்புகளை எடுத்து முறுக்கிப் பார்த்தார்கள். நாற்பதும் சரியாக இருந்தன. ஐந்தாவது லைனின் இயந்திரம் எப்போதும் ஒரே அளவில்தான் முறுக்கும். ஒரு மணி நேரம் தாமதமாக வண்டி போனது. "சும்மா இருந்த வண்டிய நிறுத்திப் பீதி கெளப்பிட்டீங்களே மேடம்" என்றார் குமரேசன். சரியாக இருக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பேனா என்று கேட்காதீர்கள். அளக்காதவரை அது யாருக்கும் தெரியாது. அதே நிலையில் இன்றைக்கும் நிறுத்துவேன்.

தர மேலாளரின் அறையில் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கோபம் வந்தால் அவருக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

"இப்பம் வந்து சொல்லுதீங்க. ரிப்போர்ட்டை டைப் பண்ணியாச்சு. ஆபரேட்டர் கவனக்குறைவு, மறுபயிற்சின்னு போட்டா ஒரே வரியில முடிஞ்சிரும். டாக்குமெண்டுல தப்புன்னு போட்டா நாளைக்கு வாரவன் நம்ம நானூறு தாளையும் தோண்டுவான். தெரியும்லா?"

"தோண்டட்டும் சார். தோண்டினால் இன்னும் மூன்று கிடைக்கும். எண்களைப் பதிவேட்டில் எழுதிவிட்டேன்."

"எழுதியாச்சா?"

"சேமித்துவிட்டேன்."

"பதினேழு வருசம் மேடம். யோசிச்சீங்களா?" என்றார். யோசித்தேன் என்றேன். எவ்வளவு நேரம் யோசித்தேன், என்னவெல்லாம் யோசித்தேன் என்பதை அன்று அவரிடம் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய அறிக்கையைக் கிழித்தார். "நீங்களே டைப் பண்ணுங்க. உங்களுக்குத்தான் தப்பில்லாம டைப் பண்ண வரும்" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அறிக்கையை முடித்துக்கொண்டு 3.20க்கு மூன்றாவது லைனுக்குப் போனேன். ஸ்டெல்லாவின் இடத்தில் வேறொரு பெண் நின்றாள்.

"ஸ்டெல்லாக்கா எங்கே?"

"அனுப்பிட்டாங்க மேடம். கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் வந்து கார்டை வாங்கிக்கினாரு. ரெண்டு மணி அஞ்சு நிமிஷம் இருக்கும். மூஞ்சி கூடக் கழுவ வுடல. அப்படியே கெளம்பிப் போய்ட்டாங்க."

இரண்டு ஐந்து. அந்த நேரத்தில் நான் என் அறையில் ஒரு கோட்டை நீல நிறமாக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1.52க்கே கூட்டத்தில் வாயைத் திறந்திருந்தால் அவள் லைனுக்குத் திரும்பிப் போயிருப்பாள். தவறு எல்லோருக்கும் வரும், உங்களுக்கும் வரும். நான் என்னை மன்னிக்காதது கோட்டுக்காக அல்ல, "பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்ற வாக்கியத்துக்காக. நம் வேலையில் அது மிக மரியாதையான வாக்கியம். தெரிந்த விஷயத்துக்கு அதை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கம்பெனி இன்னொருவரைப் பார்த்துவிடும்.

கான்ட்ராக்ட் சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன். தவறு அவளுடையது இல்லை என்றேன்.

"அப்படியா மேடம்? சிஸ்டத்துல பிளாக் பண்ணியாச்சே. உங்க ஆளுங்கதானே சொன்னாங்க? லெட்டர் குடுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்கு எத்தனை மணிக்கு?"

"என்ன மேடம், ரயிலா வருது மணி சொல்றதுக்கு?"

கடிதம் அடித்தேன். மேலாளரிடம் கையெழுத்து வாங்கினேன். அறிக்கையின் நகலையும் பதிவேட்டுப் பக்கத்தின் அச்சையும் சேர்த்து உறையில் போட்டேன். ஸ்டெல்லாவின் எண்ணுக்கு மூன்று முறை அழைத்தேன், எடுக்கவில்லை. கடைசியில், "நாளைக் காலை வாருங்கள். தவறு என்னுடையது" என்று செய்தி அனுப்பினேன். வீட்டுக்கு வந்து நாட்குறிப்பு எழுதினேன். அன்றைக்கு ஒரு பக்கம் போதவில்லை.

மறுநாள் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை, 5.50க்கே ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டேன். 6.25க்குக் கேட். அன்று நான் மேசையைத் துடைக்கவில்லை, அறைக்கே போகவில்லை. முதல் வேலையாகக் கேட்டில் இருந்த பாதுகாப்பு அதிகாரியிடம் உறையைக் கொடுத்து, தடையை எடுக்கச் சொல்லிக் கான்ட்ராக்ட் ஆபீசுக்கு அவர் போனிலேயே பேசினேன். பத்து நிமிடம் என்றார்கள்.

6.40க்கு ஸ்டெல்லா வந்தாள். பஸ்ஸில் அவள் பெயரை எடுத்துவிட்டதால் அவளும் ஷேர் ஆட்டோவில்தான் வந்திருந்தாள். என்னைப் பார்த்தும் கிட்டே வரவில்லை. நான் போனேன்.

"மன்னித்துக்கொள்ளுங்கள் ஸ்டெல்லா. அந்தக் கோடு நான் வேறொரு அர்த்தத்தில் போட்டது. யாருக்கும் சொல்லாமல் விட்டுவிட்டேன்."

"எத்தினி கோடு மேடம் வச்சிக்கீறீங்க?"

"மூன்று."

"எங்களுக்கு ஒண்ணுதான் மேடம் தெரியும்." ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நேத்து வூட்டுக்குப் போனா எம்பொண்ணு இன்னாம்மா சீக்கிரம் வந்துட்டேன்னு கேக்குது. தலவலின்னு சொன்னேன். அவரு கிட்டயும் தலவலின்னுதான் சொன்னேன். நெஜமா சொல்லுங்க, நீங்க அங்க உக்காந்துக்கினு இருந்தப்பவே உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

ஷிப்டு ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள்.

"லிஸ்ட்ல எம்பேரு இருக்குமா?"

"தெரியாது ஸ்டெல்லா. அறிக்கையில் உங்கள் பெயர் இல்லை. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

(ஜனவரியில் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அன்று காலை எங்கள் இருவருக்கும் அது தெரியாது.)

6.55க்கு, முந்தைய நாள் கேட்டில் ஒப்படைத்திருந்த அட்டையை வாங்கி நுழைவு இயந்திரத்தில் நீட்டினாள், சிவப்பு விளக்கு. 7.05க்கு, சிவப்பு. ஷிப்டு தொடங்கிவிட்டது. நான் மறுபடி போன் செய்தேன். "சர்வர் மெதுவா இருக்கு மேடம்" என்றார்கள். உங்கள் சர்வர் வேகமாகும்வரை மூன்றாவது லைனில் அந்த மாடலை ஓட்ட ஆளில்லை, பத்து மணிக்கு வருகிறவர்களிடம் காரணத்தை நீங்களே சொல்லிவிடுங்கள் என்றேன். 7.12க்குப் பச்சை விழுந்தது. ஸ்டெல்லா உள்ளே போய்த் திரும்பி நின்றாள்.

"மெஷின்ல புது தாள் மாட்டியாச்சா?"

"இன்னும் இல்லை. நேராக இங்கே வந்துவிட்டேன்."

"அப்ப நான் போய் இன்னாத்தப் பாத்து அளக்கறது? வாங்க மேடம், மொதல்ல அத எடுத்தாங்க."

அச்செடுத்து, முத்திரை வைத்து, எடுத்துக்கொண்டு லைனுக்குப் போனேன். அவள் பிளாஸ்டிக் உறையைப் பிரித்துப் பிடித்தாள். நான் தாளை நுழைத்தேன். ஆறு கட்டத்தையும் விரலால் தொட்டுத் தொட்டு வாய்விட்டுப் படித்தாள். ஆறாவதில் நின்றாள். "பதினாலு புள்ளி ஏழு, கோடு, பதினாலு புள்ளி ஒம்போது. இந்தக் கோடு இன்னா?"

"அதிலிருந்து இது வரைக்கும்."

"வேற ஒண்ணும் இல்லியே?"

"வேறு ஒன்றும் இல்லை."

இயந்திரத்தை ஓட்டி முதல் குழாயை எடுத்து அளந்தாள். அளவுமானியை என் பக்கம் திருப்பி, நான் பார்க்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு தாளை உறையிலிருந்து உருவி, வலப்பக்கம் ஆறாவது கட்டத்தில் எழுதினாள்: 14.8.